நீலச் சுருள்

மயிலம் முருகன் துணை

திண்டிவனம்,
12.11.86

அன்பு மகன் சிரஞ்சீவி வீரமுத்துவுக்கு உன் அம்மா கெங்கம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும், விழுப்புரத்தில் உன் தங்கை தனமும் மாப்பிள்ளையும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் உன் சுகமும் உன் கால் விரல் பத்தின் சுகமும் அறிய ஆவல். இது என்ன புதுசாக விரலை எல்லாம் விசாரிக்கிறாள் என்று சிரிக்காதே, காரணம் பின்னால் வரும், எனக்கு எதையும் வரிசையாக எழுத வராது என்று உனக்குத் தெரியும். இப்போது மத்தியானம். மழை பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தூறுகிறது. அப்பா கொட்டகையில் உளியும் சுத்தியுமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார், நீ அனுப்பிய இழைப்பு மெஷின் சத்தம் கேட்கவில்லை. அது ஏன் கேட்கவில்லை என்பது என் முந்தானையில் முடிந்து கிடக்கிறது, அதுவும் பின்னால் வரும்.

தனத்துக்கு இது ஏழாம் மாதம். முகம் தெளிந்திருக்கிறது, புளி கேட்கிறாள், மாங்காய் கேட்கிறாள், இந்த மாதத்தில் மாங்காய்க்கு நான் எங்கே போவது. போன வாரம் அவளைப் பார்த்துவிட்டு வரும்போது விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னல் காற்றில் எனக்குக் கண் சொக்கிவிட்டது. கனவில் உன் மெஷின் ரோட்டை இழைத்துக்கொண்டே போகிறது தம்பி. அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, தானாகப் போகிறது. கறுப்பு ரோடு அது போகப் போக வெளுத்து வழுவழு என்று ஆகிறது, உள்ளே வேப்பமரத்து வாசனை வருகிறது. நான் பின்னாலேயே துடைப்பத்தோடு சுருளைப் பெருக்கிக்கொண்டு நடக்கிறேன், பெருக்கப் பெருக்கச் சுருள் எழும்பிப் பறந்து மல்லாட்டை விளைகிற கொல்லை மேலே எல்லாம் போய் உட்காருகிறது, யாரும் திட்டவில்லை. தூரத்தில் மயிலம் மலை தெரிகிறது. ரோடு முடிகிற இடத்தில் நீ நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த இடம் தள்ளித் தள்ளிப் போகிறது. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் திண்டிவனத்தை விட்டு ஒலக்கூர் வந்திருந்தது. திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கிக்கினு மெட்ராஸ் வரைக்கும் தூங்கிக்கினே வருவியாம்மா என்று சத்தம் போட்டு இறக்கிவிட்டான். அப்பாவிடம் சொன்னேன், நீ கல்யாணத்தன்னைக்கே மணையில தூங்கினவதானே என்றார். அது பொய், புகையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மெஷினைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது இந்த வீட்டில் அதுதான் செல்லப் பிள்ளை. உன் சிநேகிதன் சீனுவாசன் ஆவணி மாதம் ஊருக்கு வந்தபோது போர்வையில் சுற்றி, கோலியனூரிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்து கொடுத்தான். அப்பா அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் முதல் நாள் முழுக்கச் சும்மா தடவிக்கொண்டே இருந்தார். அதன் பிளக் நம் ஊர் ஓட்டைக்குள் போகவில்லை. உடனே பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு, ஒயரின் நுனியைச் சீவி ஓட்டையில் விட்டு, நழுவாமல் இருக்க இரண்டு தீக்குச்சியைச் செருகிவிட்டார். ஓடவிட்டதும் பக்கத்து வீட்டு இருதயமேரி கோழிக்கூண்டை மூடிவிட்டு ஓடிவந்து, இன்னாக்கா, வூட்டுக்குள்ள லாரி வந்துட்டுதா என்று கேட்டாள். எனக்கோ நாலு நாளில் அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் அவர் இழைக்க, நான் சமையல்கட்டு வாசலில் சாய்ந்து கண்ணை மூடினால் எங்கெங்கோ போய்வருவேன், மஸ்கட்டுக்கும் வந்திருக்கிறேன், உங்கள் ஊரில் கடல் பச்சையாக இருந்தது, சரிதானா என்று எழுது.

ஒரு நாள் அவர் இழைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அந்த மெஷினில் விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தியது அழுத்தியபடியே விட்டுவிட்டு, மெஷினைச் சுருள் குவியல் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட வந்துவிட்டார். கேப்பைக் கூழும் வெங்காயமும் வைத்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், கொட்டகையில் யாரோ இழைக்கிற சத்தம். நான் அவரைப் பார்க்க அவர் என்னைப் பார்க்கிறார். நான் தூங்குகிறேன் என்றே நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் கரண்ட் திரும்பி வந்து மெஷின் தானாகவே சுருளை வாரி இறைத்துக்கொண்டு, தரையைக் கொத்திக்கொண்டு, கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி வீட்டுப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. ஒயர் இழுபட்டுத் தீக்குச்சி பிடுங்கிக்கொண்டதால் வாசல்படியில் நின்றது. அப்பாவுக்கு வேர்த்துவிட்டது, ஆனாலும் உன் புள்ள அனுப்பினது இல்ல, அதான் வூட்டுக்குள்ள வரப் பாக்குது என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அது நின்ற இடத்தில் சற்று முன்னால் இருதயமேரியின் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது. அன்றைக்கே கடைக்குப் போய் நல்ல பிளக் வாங்கி மாட்டினார். இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் என்னவென்றால் கரண்ட் போனால் முதலில் பொத்தானை விட வேண்டும், அப்புறம் பிளக்கைப் பிடுங்க வேண்டும், அப்புறம்தான் கூழ். அங்கே கரண்டே போகாது என்று எழுதியிருந்தாய், கரண்ட் போகிற ஊர்க்காரன் பழக்கம் எங்கே போனாலும் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப உஷார் ஆகிவிட்டார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். விக்கிரவாண்டி அப்பாதுரை தன் பழைய வீட்டை இடித்த மரத்தைக் கொண்டுவந்து பூஜையறைக் கதவு கேட்டார், தை மாதம் கிரகப்பிரவேசம். அந்த மரத்தில் ஆணி இருக்கும் என்று அப்பா ஒவ்வொரு பலகையையும் விரலால் தடவிப் பார்த்துப் பிடுங்கின பிறகுதான் மெஷினை வைப்பார். ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள்வார். மெஷினின் கத்தி உருளை சுற்றி நிற்கிற வரைக்கும் கீழே வைக்க மாட்டார். மெஷின் வாயில் சுருள் அடைத்துக்கொண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குச்சியால்தான் குத்தி எடுப்பார், விரலை விட மாட்டார். ஆயுத பூஜைக்கு நான் ஆசையாகப் பூச்சரம் சுற்றப் போனேன், நூல் உள்ளே போய்ச் சுத்திக்கும் போடி, பொட்டு மட்டும் வை என்றார். எல்லாவற்றிலும் உஷார், கால் ஒன்றைத் தவிர. உட்கார்ந்துகொண்டு பலகையை இடது கால் கட்டை விரலாலும் அடுத்த விரலாலும் கவ்விப் பிடித்து இழைத்தே பழகினவர், கால் அவருக்குக் கால் இல்லை, மூன்றாவது கை. மெஷின் வந்த பிறகும் அதே கால்தான் பலகையில். நான் சொன்னால், அதோடு வந்த புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவார். அதில் கையைப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. காலைப் போடவில்லை. காலு வைக்கக் கூடாதுன்னு எங்கனா இருக்குதா காட்டு என்பார். காலால் மரம் பிடிக்கிற ஆள் உலகத்தில் இருப்பான் என்று படம் போட்டவனுக்குத் தெரியவில்லை, அவனை என்ன சொல்ல.

தீபாவளி கழிந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சுருளெல்லாம் செம்பழுப்பாக ஓரம் ஒதுங்கிக்கொண்டே வருகிறது, பாதித் தூக்கத்தில்தான் பெருக்குகிறேன், நடுவில் நீலமாக ஒன்று. ஏதோ பூ என்று குனிந்து எடுத்தேன். மெல்லிசாக, அழகாகச் சுருண்டு இருந்தது. எந்த மரம் நீலமாக இழையும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன் தம்பி, அவ்வளவு மந்தம் நான். அமுக்கினால் துள்ளுகிறது. அப்போதுதான் தெரிந்தது அது ரப்பர். நீ மெஷினோடு அப்பாவுக்கு அனுப்பிய நீலச் செருப்பு. அவர் அப்போதுதான் பல் விளக்கிவிட்டு வந்தார். அவர் கையில் அந்தச் சுருளை வைத்து, “ஏங்க, இது இன்னா மரம்?” என்று கேட்டேன். அவர் போய்ப் பலகை அடுக்குக்குப் பின்னாலிருந்து செருப்பை எடுத்து வந்தார். இடது செருப்பின் முன்பக்கம், கட்டை விரல் இருக்கிற இடத்துக்கு முன்னால், வெள்ளரிக்காய் சீவினது மாதிரி சாய்வாகப் போயிருந்தது. பலகையில் ஒரு முடிச்சு இருந்ததாம், மெஷின் துள்ளிவிட்டதாம். நீ அளவு தெரியாமல் ஒரு சைஸ் பெரிசாக அனுப்பிவிட்டாய் என்று மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டே போட்டிருந்தாரே, அந்தப் பெரிசுதான் விரலைக் காப்பாற்றியிருக்கிறது.

நான் அங்கேயே சுருள் மேல் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் பார்த்து வைக்கிறேன் என்றாரே தவிர காலை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. நான் அழுததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உன் போட்டோவைக் காட்டி, உன் புள்ளயும்தான்டி காலை வச்சிருக்கான், கம்பெனிக்காரன் இன்னா கேட்டான் அவனை என்றார். சீனுவாசன் கொண்டுவந்தானே, நீ வேலைக்கொட்டாயில் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ, அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். தினம் பார்க்கிறேன். முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், இளைத்திருக்கிறான், மீசை வைத்திருக்கிறான் என்று. முகத்துக்குக் கீழே ஒரு நாளும் பார்க்கவில்லை. அன்றைக்கு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். உன் இடது கால் பலகையின் ஓரத்தில் இருக்கிறது. கட்டை விரலும் அடுத்த விரலும் கவ்விக்கொண்டிருக்கின்றன, அப்பா கால் மாதிரியே, அச்சு அசல். போட்டோவை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, “உங்க கால்ல பெரிய செருப்பு இருந்துது. அவன் கால்ல இன்னா இருக்குதுன்னு பாருங்க” என்றேன்.

நீ வெறுங்காலோடு இருக்கிறாய் ராசா.

அவர் போட்டோவை வாங்கிக்கொண்டு வேலி ஓரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் போய்க் கொட்டகைக்குக் கரண்ட் விடுகிற பீஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்றிலிருந்து குளிக்கும்போதுகூட அது என்னோடுதான் இருக்கிறது. அவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை அடிக்க ஆரம்பித்துவிட்டார், பலகை நகராமல் இருக்க இந்தப் பக்கம் முட்டு, அந்தப் பக்கம் ஆப்பு. அதைத்தான் இப்போது தட்டிக்கொண்டிருக்கிறார். நின்னுக்கினே வேலை செய்றது போலீஸ்காரன் பொழப்பு என்று முனகுகிறார், ஆனாலும் செய்கிறார். நேற்று அப்பாதுரை வந்து கதவு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டதற்கு, கையாலயே இழைச்சித் தர்றேங்க, மெஷின் சாவி வூட்டுக்காரம்மா கிட்ட இருக்குது என்றாராம். சாப்பிடும்போது என்னிடம், காலால பிடின்னு நான் அவனுக்கு ஒரு நாளும் சொல்லித் தரலியே கெங்கா, எப்படிப் போச்சு அவனுக்கு என்று கேட்டார். நடை எப்படிப் போச்சோ அப்படித்தான் என்றேன். கூழ் அப்படியே இருந்தது. அப்புறம், நான் எடுத்துட்டேன்னு எழுது, அவனையும் எடுத்துடச் சொல்லு என்றார். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆகையால் தம்பி, நீ செய்ய வேண்டியது இதுதான். பலகையை மேஜையில் வைத்து இறுக்குகிற கிளாம்பைக் கேட்டு வாங்கு. இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும், இரண்டு காலும் தரையில் இருக்கட்டும், காலில் மூடின செருப்போ பூட்ஸோ இருக்கட்டும். சூப்பர்வைசர் ஜல்தி ஜல்தி என்று பேஜாரு பண்ணினாலும் பண்ணட்டும், அவசரம் அவனுக்கு, விரல் உனக்கு. அப்படி நின்று வேலை செய்கிற மாதிரி ஒரு போட்டோ பிடித்து அனுப்பு. முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, கால் தெரிய வேண்டும். அது வருகிற வரைக்கும் பீஸ் கட்டை என் முந்தானையை விட்டு இறங்காது, அப்பாவுக்கும் இது சம்மதம். ஏன் போட்டோ கேட்கிறேன் என்றால், இன்றைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் அந்த ரோட்டுக்குப் போயிருந்தேன். மெஷின் இல்லை, சத்தமே இல்லை, ரோடு வெள்ளையாக மலை வரைக்கும் போகிறது, அதில் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வருகிறாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து விரலைத்தான் எண்ணுகிறேன். வலது காலை எண்ணிவிட்டேன், அஞ்சும் இருந்தது. இடது காலுக்கு வருவதற்குள் இருதயமேரி முறம் கேட்டு எழுப்பிவிட்டாள்.

மயிலம் முருகன் உன்னைத் தலை முதல் கால் வரைக்கும் காப்பாற்றட்டும், இந்தத் தடவை கால் முதல் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. அப்பாவுக்கு மறுபடி செருப்பு அனுப்பினால் அளவை மாற்றாதே, உனக்கும் ஒரு சைஸ் பெரிசாகவே வாங்கிக்கொள். இதைப் பிரிக்கும்போது நீலமாக ஒன்று கீழே விழும், குப்பை என்று ஊதிவிடாதே. அது அந்தச் சுருள்தான். உன் மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டி வை, அந்தப் புத்தகத்தில் போடாமல் விட்ட படம் அது.

இப்படிக்கு,
இடது காலை இன்னும் எண்ணி முடிக்காத
உன் அம்மா,
தா. கெங்கம்மாள்