காற்றுக்கு எதிரே திரும்பி வருவது

என் தங்கமே அருள்,

கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வந்திருந்தேன். காற்று வரும் பக்கம் முதுகைக் கொடுத்து, முந்தானையால் மறைத்துத்தான் மெழுகுவத்தி ஏற்றினேன். அப்படியும் அணைந்துவிட்டது. காற்றுக்கு உன்மேல் இன்னும் என்ன கோபம்?

ராமேஸ்வரம் கடலில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று போகிறவன், பாலக்கரையிலேயே என் பேரன் ஒருத்தன்தான் என்று மீன்காரி வரைக்கும் பெருமையடித்தவள் நான். போன வருஷம் அந்தக் காற்றே உன்னைப் பாறையில் கொண்டுபோய் அடித்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், எழுத்து கோணினால் சிரிக்காதே.

ஒரு சேதி. உன் தங்கை ஜெனி உன் பட்டத்தை எடுத்துக்கொண்டு அதே கடலுக்குப் போகிறேன் என்கிறாள். உன் அம்மா சோறு தின்னாமல் படுத்துவிட்டாள். உன் அப்பா, "அப்பாயி என்ன சொல்றாங்களோ அதான்" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

"போறது இருக்கட்டும்டி. காத்து எதுக்க அடிச்சா எப்படித் திரும்பி வருவ?" என்று கேட்டேன்.

உன் பட்டத்தைப் பிடித்து ஓட்டும் கைக்கம்பியை மொட்டைமாடித் தூணில் கயிறு போட்டுக் கட்டி, என் கையில் கொடுத்தாள்.

"பட்டத்த உச்சந்தலைக்கு மேல ஏத்தக் கூடாது அப்பாயி. பக்கவாட்டுல, பாதி உசரத்துல ஆடாம நிறுத்தணும். குதிகாலால பலகையச் சாய்ச்சு அழுத்தி, காத்து வர்ற பக்கமே பாக்கணும். நேரா வர முடியாது. குறுக்கக் குறுக்கப் போயித்தான் ஏறி வரணும்."

"பட்டம் தொய்ஞ்சா?" கேட்டுக்கொண்டே கம்பியை நெஞ்சோடு இழுத்தேன்.

"இழுக்காத! தள்ளி விடு! அண்ணனும் இப்படித்தான் இழுத்திருக்கான்."

அன்றைக்கு உன்கூட வந்த சிநேகிதன் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னானாம். இந்த மாடியில் நூல் பட்டம் விட்ட கை உனக்கு. தொய்ந்தால் சுண்டி இழுத்துத்தான் இங்கே எல்லோரும் ஏற்றுவோம். கடலில் இழுக்க இழுக்கப் பட்டம் பின்னால் சரியுமாம். கம்பியைத் தள்ளினால்தான் மறுபடி காற்றைப் பிடிக்குமாம். பாறை கிட்டே வரும்போது, கண்ணு, பிடித்ததைத் தள்ள யாருக்கு மனசு வரும்?

அன்றிலிருந்து ஜெனி மாடியில் பழகுகிறாள். நான் திடீரென்று, "தொய்ஞ்சிருச்சுடி!" என்று கத்துவேன். முதலில் அவளும் இழுத்தாள். இப்போது கை தானாகத் தள்ளுகிறது. "கோச் வேலைக்குப் போயிரு அப்பாயி" என்கிறாள்.

போகட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் சொன்னது சரிதானா அருள்?

அவளைத் தனியே அனுப்ப மாட்டேன். நீ திரும்பி வராத அந்த மணலில் நானும் நிற்பேன். அவள் காற்றை எதிர்த்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து காலை ஊன்றும் வரை உட்காரக்கூட மாட்டேன். இது சத்தியம்.

உன் அப்பாவைப் பெற்ற,
உன் அப்பாயி