மைசூர் அரண்மனை வாசலில் என் செருப்பு

அன்பு ஷமீனாவுக்கு, ஸலாம். நான் நல்ல சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

இதை ஊருக்குக் கொண்டுவரும் சஹீர்தான் வெள்ளிக்கிழமை லீவில் என்னை இங்குள்ள ஒரு மாலுக்குக் கூட்டிப்போனான். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேறோர் இடத்தில் நிற்பதுபோல் காட்டும் ஒரு கருவியைக் கண்ணில் மாட்டினார்கள். எதிரே மைசூர் அரண்மனை! நாம் போக ஆசைப்பட்டதேதான். தரை, நீ வேலைசெய்யும் கம்பெனிப் பீங்கான் பொம்மைபோல் மின்னியது. என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"யோவ், நீ மாலுலதான்யா நிக்கிற!" என்று சஹீர் சிரித்தான்.

கருவியைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் வரிசையில் நின்ற நம்மூர்க்காரர்கள் எல்லோருமே என்னைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள்!

ஆனால் அரண்மனையின் அத்தனை அறைகளிலும் ஓர் ஆள்கூட இல்லை. உன் தம்பி ஃபாயிஸிடம் சொல்லி, நம் வீட்டை வாசலிலிருந்து அடுப்படிவரை மெதுவாக நடந்து வீடியோ எடுத்து அனுப்பு. சஹீர் ஏர்போர்ட்டுக்குப் போக அவசரப்படுத்துகிறான். அடுப்படியில் நீ நின்றுகொண்டிரு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறேன்.

உன் நாசர்