பெயரை விட்டுப் பாடியது

12 ஜனவரி 2025, ஞாயிறு

காலை முழுக்க ரமணாசிரமம் பக்கத்து விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் மெல்லிய குரலில் பேசினேன். மாலையில் கீழ்பென்னாத்தூர் பஸ். அங்கே எங்கள் பேண்டில் கிடார் வாசிக்கும் அருணகிரி வீட்டு மல்லாட்டை குடோனில், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே, தொண்டை கிழியக் கத்துவது வாராவாரம் நடப்பது. இரண்டும் ஒரே தொண்டைதான் என்பதை அப்பாவால் இன்னும் நம்ப முடியவில்லை. "பாட்டுன்னா ஒரு ராகம் வேண்டாமாடி?" என்று கேட்டார். கோயில் குருக்கள், வேறெப்படிக் கேட்பார்? நாங்கள் வாசிக்கும் ஹார்ட்கோர் பங்க் இசை என்றால் என்னவென்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோபம் வந்தால் கத்துவது, அவ்வளவுதானே என்றார்.

அவ்வளவுதான்.

ஆனால் இன்று யாரும் வாசிக்கவில்லை. சினேகா பாட்டை அருணகிரி யூடியூபிலிருந்து எடுத்துவிட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சினேகா அவன் தங்கை. புகுந்த வீட்டு மாடியிலிருந்து தவறி விழுந்து செத்துப் போனாள் என்றார்கள். கேஸும் அப்படியே முடிந்தது. சாகும் முன்பு அவள் கையில் இருந்த சூட்டுத் தழும்புகளை அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததை எழுதினான், நான் கத்தினேன். "விழல, சினேகா விழல." பாட்டில் மொத்தமே அவ்வளவு வார்த்தைகள்தான். எங்கள் பாட்டுகளில் ஊர் தாண்டிப் போனது அது ஒன்றுதான்.

அவளுடைய குழந்தை கவியா அந்த வீட்டில் வளர்கிறது. பாட்டை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை அனுப்புகிறோம் என்றார்களாம். எடுத்துவிட்டான்.

"அப்போ அவ விழுந்துட்டாளா?" என்று கேட்டேன்.

அவன் கிடார் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "என்கிட்ட அத மட்டும் கேக்காத" என்றான்.

19 ஜனவரி

பயிற்சி இல்லை. டிரம்ஸ் வாசிக்கும் பிரசாத் போன் செய்தான். குழந்தை வந்திருக்கிறதாம். அருணகிரி அதைக் கூட்டிக்கொண்டு எங்கோ போயிருக்கிறான்.

26 ஜனவரி

இன்றும் இல்லை.

6 பிப்ரவரி

சென்னையிலிருந்து விக்னேஷ்வரன் என்று ஒருவன் பேசினான். அவனுக்கும் ஒரு பேண்ட். பாடிக்கொண்டிருந்தவன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டானாம். எங்கள் வீடியோவை அருணகிரி நீக்குவதற்கு முன்பே பார்த்திருக்கிறான். நீங்கள் வருவீர்களா என்றான். யோசிக்கிறேன் என்றேன். எதை யோசிப்பது? போனை வைக்கும் முன்பே மனசு பஸ் ஏறிவிட்டது.

9 பிப்ரவரி, ஞாயிறு

அருணகிரியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று போனேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். கவியா அவன் மடியில், பன்னைப் பிய்த்துப் பாலில் தோய்த்து அவனுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது. நெற்றி அப்படியே சினேகா.

"போ. இங்க இருந்து என்னா பண்ணப் போற" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு, "அந்தப் பாட்டு மட்டும் வேணாம்."

பெயரை விட்டுவிட்டுப் பாடுகிறேன் என்றேன். அவன் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டான். சரி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

16 மார்ச்

சென்னையில் முதல் பயிற்சி. அசுர வேகம். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. தொண்டையில் ரத்த வாடை. சந்தோஷமாக இருக்கிறேனா? ஒருவேளை.

17 மார்ச்

இரவு பஸ்ஸில் வீடு திரும்பித் தூங்கி எழுந்தபோது மேசைமேல் மிளகும் பனங்கற்கண்டும் பொட்டலமாக இருந்தன. அப்பா கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்.

27 ஏப்ரல்

நேற்று புதிய பேண்டோடு முதல் மேடை. கடைசிப் பாட்டாக விக்னேஷ்வரன் அதை வைத்திருந்தான். நானும் மறுக்கவில்லை. பெயர்தான் இல்லையே.

"விழல" என்று கத்தினேன். பெயர் வரும் இடத்தில் மைக்கை விலக்கி மூச்சு வாங்கினேன். அடுத்த முறை விலக்கியபோது முன்னால் நின்ற ஒரு பெண் அந்தப் பெயரைச் சொன்னாள். பழைய வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கச் சொன்னது. சினேகா. சினேகா. முகம் தெரியாத அத்தனை பேர்.

நிறுத்தியிருக்கலாம். நான் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினேன்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

30 ஏப்ரல்

வீடியோ எல்லா இடத்திலும் ஓடுகிறது. விடுதிக்கு வந்த ஒருவர், இது நீங்களா என்று காட்டினார். அருணகிரி போனை எடுக்கவில்லை.

4 மே, ஞாயிறு

பிரசாத் சொன்னான், இன்றைக்குக் குழந்தையை அனுப்பவில்லையாம். அருணகிரி நேரில் போயிருக்கிறான். கேட்டைத் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டுக் காட்டினார்களாம்.

நான் பேரே சொல்லலையே. ஒரு தடவகூட சொல்லல. கத்துனவங்கதான —

இல்ல. மைக்க நீட்டுனது யாரு?

5 மே

விக்னேஷ்வரனிடம் சொல்லி வீடியோவை நீக்க வைத்தேன். உடனே எடுத்துவிட்டான். நல்லவன். ஆனால் யார் யாரோ போட்ட பிரதிகள் அப்படியே இருக்கின்றன.

22 ஜூன், ஞாயிறு

கீழ்பென்னாத்தூர் போனேன். இத்தனை நாள் பயம். அருணகிரி வீட்டில் இல்லை. அவன் அம்மா சரோஜா உள்ளே வரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொழந்தைய அனுப்பலம்மா" என்றார், எனக்குத் தெரியாதது போல. அலமாரி ஓரத்தில் ஒரு சின்ன கவுன் மடித்து வைத்திருந்தது. விலைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"எம்பொண்ணு பேர அத்தினி பேரு சொன்னாங்களாமே. எனக்குக் காட்டு."

காட்டினேன். போனை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். கத்தல் தொடங்கியதும் முகம் சுளித்தார். பெயர் வந்ததும் சுளிப்பு நின்றுவிட்டது. முடிந்தபின், இன்னொரு தரம் போடச் சொன்னார். இரண்டாவது முறை பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டார்.

புறப்படும்போது வாசல் வரை வந்தார்.

"நல்லா சொன்னீங்க எல்லாரும்" என்றார். "இனிமே சொல்லாதீங்கம்மா."

10 ஆகஸ்ட்

நேற்று பெங்களூரில் மேடை. கடைசியில் கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்டது. நாங்கள் தொடங்காததைப் பார்த்து அவர்களே பெயரைக் கத்த ஆரம்பித்தார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தேன். அடங்க வெகு நேரம் ஆனது. வேறு பாட்டு பாடினோம்.

காலையில் ஊர் வந்து இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் பிரசாத்தைப் பார்த்தேன். டிரம்ஸை விற்றுவிட்டானாம். அருணகிரி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் குடோனில் மூட்டை ஏற்றுகிறானாம்.