மணல் ஐந்து

பதிவு 1
திங்கள், 8 மே 2034. காலை 09:10

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. அலுவலகப் பதிவேட்டில் எழுத முடியாதவற்றை இன்றிலிருந்து இதில் எழுதுகிறேன். யார் கையில் கிடைக்கிறதோ அவர்களுக்காக.

இடம்: கோவை. மெய்நிகர் விளையாட்டுக்கான உடைகள் செய்யும் நிறுவனம், சோதனை அறை. அறை வெப்பம் 24 டிகிரி. கருவி: காலணி, ஏழாம் பதிப்பு. விளையாடுபவர் கண்ணில் மாட்டிய திரையில் பாலைவனத்தைப் பார்க்கிறார். அடி எடுத்து வைத்தால் உள்ளங்கால் மணலை உணர வேண்டும். அதற்காகப் பதினாறு வெப்பத் தகடுகள், நாற்பது அதிர்வு மோட்டார்கள். எல்லாம் இயங்குகின்றன.

தகடுகளின் அமைப்பு என்னுடையது. காப்புரிமையில் இருப்பது சுதன் பெயர். சுதன் எங்கள் பிரிவின் தலைவர், என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். என்னை "டாக்டர்" என்று கூப்பிடுவார். முனைவர் பட்டத்துக்குக் கொடுக்கும் மரியாதை இல்லை அது. அந்தக் குரலைக் கேட்டால் தெரியும்.

பதிவு 2
திங்கள், 11:40

மணலின் சூட்டுக்கு ஐந்து அளவுகள். உச்சமான 'மணல் ஐந்தில்' தகடு 51 டிகிரி. நடக்கிற கால் ஒரு நொடிக்கு மேல் ஊன்றாது என்று வாதாடி அனுமதி வாங்கியவன் நான். அந்த உச்சத்தை எந்தக் காலில் அளந்தோம்? என் காலில். செய்தவனே மாட்டிப் பார்க்க வேண்டும், அவன் போதும் என்கிற இடம்தான் எல்லை. இந்த அறையின் விதி அது, நான் கொண்டுவந்தது. வெளியாட்களைக் கூட்டிவந்து அவர்கள் முகச்சுளிப்பை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு விளையாட்டில் புதிய கட்டம் வருகிறது. எதிரிக்காகப் பதுங்கி, மணலில் எட்டு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் ஆட்டம் போயிற்று. அதற்கான சோதனை இன்று. சோதனையாளர் பெனாசிர். அறைக்குள் பேசுவது ஒலிபெருக்கி வழியாக வரும், பதிவாகும்.

"சார், அஞ்சுல வைக்காதீங்க. சுடுதுங்க."

"பாலைவனம்னா சுடத்தாம்மா செய்யும்."

"இது பாலைவனம் இல்லீங்க சார், தோசைக்கல்லு."

பன்னிரண்டாவது நொடியில் கழற்றிவிட்டாள். 'சோதனையாளருக்கு மிகையான உணர்திறன்' என்று எழுதினேன். அவளைப் பற்றி இப்படி எழுதுவது நான்காவது முறை. பிறகு நானே மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். இதமான சூடு. தகுதிச் சான்றில் கையெழுத்திட்டேன்.

பதிவு 3
செவ்வாய், 9 மே. 10:05

நடைப் பரிசோதனை. நான் உள்ளே, பெனாசிர் வெளியே. மூன்றாம் நிமிடத்தில் அவள் குரல்.

"சார், நில்லுங்க. உங்க சாக்ஸ் ஈரமா இருக்கு. தரையிலயும் தடம் விழுதுங்க."

வியர்வை என்றேன்.

"வியர்வை செவப்பா இருக்குமாங்க சார்?"

கழற்றிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. நேற்றிலிருந்து இந்தக் கால்களோடு நடந்திருக்கிறேன். படி ஏறியிருக்கிறேன். எதுவும் தெரியவில்லை.

பதிவு 4
செவ்வாய், 16:30

மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் ஒவ்வொரு காலிலும் பத்து இடங்களில் தொட்டாராம். தொடும்போது சொல்லுங்கள் என்றிருந்தார். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று நான் கேட்டபோது அவர் இழையைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வயதானவன் என்று சிரிக்க அவர்களுக்கு இன்னொரு காரணம் கொடுப்பானேன் என்று மறைத்தேன். கால் நரம்புகள் செத்து நான்கைந்து ஆண்டுகள் இருக்கும் என்கிறார்.

காலணியை அளந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன். மரத்துப்போன காலில் எல்லை குறித்து, ஒன்பதாயிரம் வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பதிவு 5
புதன், 10 மே. 12:15

எல்லாவற்றையும் எழுதி சுதனுக்கு அனுப்பினேன். புதிய கட்டத்தை நிறுத்துங்கள், உச்சத்தை 42-க்கு இறக்குங்கள் என்றேன். குரல்செய்தியில் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டர், பத்து நிமிஷம் நின்னு பாத்து கையெழுத்துப் போட்டது நீங்க. உங்க காலு சரியில்லன்னா அது உங்க உடம்புப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை ரிலீஸ் நிக்காது. சுட்டா கழட்டிட்டுப் போறாங்க, என்ன இப்போ? நீங்க ரெஸ்ட் எடுங்க. வெளிய பேசினீங்கன்னா, வியாதிய மறைச்சு டெஸ்ட் பண்ணின ஆளுன்னு நாங்க சொல்ல வேண்டி வரும்."

சொல்லட்டும். அது உண்மைதான். நான் முட்டாள் என்பதால் தகட்டின் சூடு குறையாது. கழற்றுவார்களாம். சோதனையில் காலணிப் பட்டை தளர்வு; ஆட்டம் ஓடும்போது இறுகியிருக்கும், விடுவிக்க அரை நிமிடம் ஆகும். வெற்றிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவர்களை அவருக்குத் தெரியாதா? என் கால்களைப் போன்ற கால்கள் உள்ளவர்கள் கழற்றவே மாட்டார்கள்.

14:00. நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி சங்கடத்தோடு என் பையை வெளியே எடுத்துவந்து கொடுத்தார்.

பதிவு 6
வியாழன், 11 மே. 13:20. வீடு

காய்ச்சல் 101. இடது கால் வீங்கியிருக்கிறது. பெனாசிரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள்.

"சார், பயப்படாதீங்க, காலு வைக்கல. பைல மணல் கட்டி உள்ள வச்சு அமுக்கினேன். அசையாம இருந்தா சூடு வெளிய போக வழியில்லீங்க. எட்டாவது நிமிஷம் தெர்மாமீட்டரு அம்பத்தி நாலு காட்டுது. இதத்தான நாலு தடவ சொன்னேன்? எம்பேரு எங்கயும் வர வேண்டாங்க."

அந்தச் செய்தியை மூன்று முறை போட்டுக் கேட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பினேன்.

பதிவு 7
வெள்ளி, 12 மே. 15:10

தாமதிக்காமல் மருத்துவமனையில் சேர வேண்டும், ஒரு விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். இன்றே வரச் சொன்னார்கள். ஆறு மணிக்குப் பிறகு வருகிறேன் என்றேன்.

விளையாடுபவர்கள் கூடும் இணைய மன்றத்துக்கு ஒரு பதிவு எழுதியிருக்கிறேன். ஆறு வரி. புதிய கட்டத்தைப் பதிவிறக்காதீர்கள். குதிகாலில் இருக்கும் மின்கலத்தை எடுத்துவிடுங்கள். நம்பாவிட்டால் ஒரு பையில் மணல் கட்டிக் காலணிக்குள் அழுத்தி, சமையலறை வெப்பமானியைச் செருகி, மணல் ஐந்தில் எட்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்றே பாருங்கள்.

பெனாசிர் எடுத்த அளவைச் சொல்லவில்லை. எண்ணை அவரவர் வீட்டில் அவரவரே பார்க்கட்டும்.

15:35. பெயர் போடுவதா என்று யோசிக்கிறேன்.

என் பெயரைப் போட்டால் படிப்பவர்கள் முதலில் என்னைப் பற்றித் தேடுவார்கள். யாரோடெல்லாம் சண்டை போட்டேன் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். நீளமானது. இரண்டு நாள் அதைப் பேசுவார்கள். காலணிக்குள் ஒருவரும் வெப்பமானி வைக்க மாட்டார்கள். பெயர் போடாவிட்டாலும் எழுதியது நான்தான் என்று அலுவலகத்தில் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வழக்குப் போடட்டும். கூண்டில் ஏறி இரண்டு கால்களையும் காட்டுவேன். அதெல்லாம் பிறகு.

15:52. பெயர் கேட்கும் கட்டம் காலியாக இருக்கிறது. அப்படியே அனுப்புகிறேன்.