ஜுரத்துக்கு முன் எடுத்த பால்

அக்கா, இதை யாருக்கும் காட்டாதே. அங்கே தாத்தா இருப்பார், அவருக்கும் வேண்டாம். அவர் வாயில் எதுவும் நிற்காது என்று நீதான் சொல்வாய். படித்ததும் கிழித்துவிடு. எப்படிக் கிழிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. விடிந்ததும் நானே அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

உன் பால் என் எதிரில் இருக்கிறது. வெந்நீர்ச் சொம்புக்குள் அந்தப் பழைய இருமல் மருந்துக் குப்பி நிற்கிறது. மேலே மஞ்சளாக ஏடு ஒதுங்கியிருக்கிறது, கீழே தண்ணீராக இருக்கிறது. மூடியைத் திறந்ததும் உன் புடவை வாசனை அடித்தது. பயந்து மூடிவிட்டேன். பிறகு மறுபடியும் திறந்தேன்.

கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வைத்திருக்கிறேன். பௌர்ணமி என்பதால் மலை சுற்றுகிறவர்கள் தெருவில் பேசிக்கொண்டே போகிறார்கள். அந்தச் சத்தத்தில் நான் தாழ்ப்பாள் போட்டது அம்மாவுக்குக் கேட்டிருக்காது. அம்மா பக்கத்து அறையில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். உன் மகள் என் மடியில் இருக்கிறாள். காலையில் உன் மாமியார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து இவளை அழைத்துப்போகிறார். அதற்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும்.

பாப்பா எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அணில் குஞ்சு மாதிரி கிடந்தாள். உறிஞ்சிக் குடிக்க அவளுக்குத் தெம்பில்லை. பாலை எடுத்துப் பாலாடையில் புகட்டச் சொன்னார் நர்ஸம்மா. பாலாடை என்றால் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மருந்துக்கடையில் வாங்கிவந்த பம்பைப் பார்த்து நாம் எப்படிச் சிரித்தோம். கண்ணாடிக் குழல், அதன் பின்னால் சிவப்பு ரப்பர் பந்து. அப்படியே ஆட்டோ ஹாரன். நான் அமுக்கிப் பார்த்தேன். "வழி உடுங்க, பால் வண்டி வருது" என்றாய்.

அதற்குப் பிறகு அதைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. பந்தை அமுக்கி விடும் ஒவ்வொரு தடவையும் நீ உதட்டைக் கடித்துக்கொள்வாய். குப்பியின் அடி நனைவதற்குள் உன் நெற்றி வேர்த்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் பாப்பா மார்பில் குடிக்கவில்லை. வாய் வைத்தால் புரையேறி உதடு நீலமாகிவிடும். அதனால் ராத்திரி பகல் பாராமல் பம்புதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பம்பையும் குப்பிகளையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பது என் வேலை. இப்போதும் வீட்டுக்குள் நுழைந்ததும் கால் அடுப்படிக்குத்தான் போகிறது. அங்கே போய் ஏன் வந்தோம் என்று நிற்கிறேன்.

உன் மாமியார் பார்க்க வந்த அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "பெத்தவ மார்ல போடாம கறக்கறாளே, இவ இன்னா பசுமாடா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நீ பந்தை அமுக்குவதை நிறுத்தவேயில்லை.

"ஆமாங்க அத்த. நீங்க பால் சொசைட்டிக்கு ஊத்தப் போவும்போது இதையும் எடுத்துனு போங்க. உங்க மாட்டுப் பாலவிட டிகிரி ஜாஸ்தி காட்டும்" என்றாய்.

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

முதல் பாலாடை கொடுத்துவிட்டேன் அக்கா. நீ சொன்ன மாதிரி கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுங்கினாள். நடுவில் களைத்துத் தூங்கிவிட்டாள். களைத்தால் விட்டுவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும், அவசரப்படுத்தினால் புரையேறும். அதனால் அவள் தூங்கும்போது எழுதுகிறேன்.

உனக்குப் பால் அதிகம் வர ஆரம்பித்ததும் மிஞ்சியதை அம்மா ரோஜாத் தொட்டியில் ஊற்றுவாள். கீழே சிந்தி எறும்பு தின்றால் பால் வற்றிவிடும் என்பாள். "இத எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போவுது, ரோஜாவுக்கு ஊத்தறாங்க" என்று என்னிடம் முணுமுணுப்பாய். ஐஸ் வைக்கிற இடத்தில் வைத்தால் கெடாது என்று நர்ஸம்மா சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். ஆனால் ஃபிரிட்ஜ் கீழே வீட்டுக்கார அம்மாவிடம்தான் இருந்தது. தீட்டு வீட்டுப் பாலை உள்ளே வைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த நாள் குப்பியைக் காகிதத்தில் சுற்றி, அம்மாவின் கண் மருந்து என்று சொல்லி நான் கொண்டுபோனேன். பொய் சொன்னதற்கு அழுதேன். "கண்ணு நொந்தா தாய்ப்பால்தானடி உடுவாங்க. நீ ஒண்ணும் பொய் சொல்லல" என்று நீ தேற்றினாய்.

பிறகு ஜுரம் வந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி. உன் பாலைப் பாப்பாவுக்கு இப்போது கொடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். அம்மா வெளியே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கை சுட்டது.

"ஐஸ்ல ஒண்ணு கெடக்குது. அது ஜுரத்துக்கு முன்ன எடுத்தது. மறக்காம அவளுக்குக் குடுத்துடு."

சரி என்றேன். மறுநாள் நீ இல்லை.

உடனே கொடுத்திருப்பேன் அக்கா. ஆனால் உன்னைக் குளிப்பாட்டியபோது ரவிக்கை பாலால் நனைந்திருந்ததாம். அதிலிருந்து எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். பாலோடு போனவள் பிள்ளையைத் தேடி வருவாள் என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள், தூளிக்குக் கீழே அரிவாள் வைத்தார்கள். உன் மாமியார் பம்பைச் சாக்கடையில் போட்டார். கண்ணாடி உடைந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அப்புறம் அம்மாவிடம் வந்து, "அவ பாலு ஒரு சொட்டு உள்ள போனா போதும், அவளுக்கு வழி தெரிஞ்சிடும். பாத்துக்கோ" என்றார். அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அன்றிலிருந்து பவுடர் பால்தான். பாதியைக் கக்கிவிடுகிறாள்.

இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார். மலை சுற்ற அவர் வீட்டுக்கு ஜனம் வந்திருக்கிறது, ஃபிரிட்ஜில் இடம் வேண்டும். குப்பியை என் கையில் வைத்து, "இப்படிக் கல்லாட்டம் ஒறஞ்சிருக்குதே, உங்கம்மா இத கண்ணுல எப்படிம்மா உட்டுக்கறாங்க?" என்று கேட்டார். கரையவிட்டு என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடிவந்தேன். பாவாடையில் ஈரம் பட்டது. கரைய ஆரம்பித்தால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. இன்று கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் ரோஜாத் தொட்டிதான்.

கெட்டுப் போயிருக்குமோ என்று ஒரு சொட்டு என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிக்கவில்லை. இனித்தது.

இரண்டாவது பாலாடையும் குடித்துவிட்டாள். கக்கவில்லை. உதட்டோரம் வெள்ளையாக நிற்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் உன் மாமியாருக்குப் பயப்படவில்லை அக்கா. உனக்குத்தான் பயப்படுகிறேன். நீ இருந்தவரை இருட்டில் உன் பக்கத்தில்தான் படுப்பேன். இப்போது ஜன்னல் அசைந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் சொல்வது நிஜமாக இருந்தால், நான் உனக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்டுக்கொள்கிறேன். நீ கொடுக்கச் சொன்னதைக் கொடுத்துவிட்டேன். இதற்கு மேல் உன் பால் எங்கும் இல்லை, தேடி வராதே. இவளைக் கூப்பிடாதே. இவள் கை மடங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உனக்கும் கூப்பிட மனசு வராது. கீழ்பென்னாத்தூருக்கு லீவு விட்டதெல்லாம் நான் போவேன். பம்பைப் பற்றியும், உதட்டைக் கடித்துக்கொண்டு நீ எடுத்ததைப் பற்றியும் இவளுக்குச் சொல்வேன். அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசிப் பாலைப் பாலாடையில் ஊற்றிவிட்டேன். குப்பியில் ஏடு மட்டும் ஒட்டியிருக்கிறது. அதையும் வெந்நீரில் அலசி ஊற்றலாமா என்று

கதவு தட்டும் சத்தம்.

அம்மா என்றால் தட்ட மாட்டாள், என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். மெழுகுவத்தியை அணைக்க முடியாது, இருட்டில் புகட்டினால் புரையேறும். மறுபடியும் அந்தச் சத்தம். மெதுவாகத்தான் கேட்கிறது. பாப்பா விழித்துக்கொண்டாள், வாயைத் திறக்கிறாள். அக்கா, நீயாக இருந்தால் கொஞ்சம் பொறு. இன்னும் ஒரே ஒரு பாலாடை