துண்டில் வந்த முடி

12-1-2003, ஞாயிறு
மலையிலிருந்து சேந்தமங்கலம் இறங்கி, ஜாபர் உசேன் ஜவுளிக்கடையில் வெள்ளைத் துண்டு வாங்கி வந்தேன். முதல் நனைப்பிலேயே நெசவுக்குள்ளிருந்து ஒரு முடி தலைநீட்டியது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஸ்கேலில் அளந்தேன். முப்பத்தொரு அங்குலம்.

19-1
துவைத்தேன். இன்னொன்று. அதே முப்பத்தொன்று. இரண்டையும் ஓர் உறையில் போட்டு வைத்தேன். ஏன் வைத்தேன்?

2-2
பக்கத்து வீட்டுப் பெருமாயி, மகளின் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கொண்டுவந்தாள். அருணா நூல்மில்லில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இருக்கிறாள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு என்று சான்று எழுதிக் கொடுத்தவன் நான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். பெற்றவர்கள் கேட்டார்கள், மறுக்கத் தெரியவில்லை.

நின்றுகொண்டே தூங்குகிறாளாம். வாத்தியாரய்யா வந்து உண்மை வயதைச் சொன்னால் வெளியே விடுவார்களாம்.

மேசைமேல் கிடந்த உறையிலிருந்து வெளியே நீண்டிருந்த முடியைப் பெருமாயி உருவி முகர்ந்தாள்.

"எம்புள்ள முடிங்க இது."

அங்கே நூறு பெண்கள் இருப்பார்கள் என்றேன்.

"அறப்பளீஸ்வரருக்கு நேந்து, கத்திரி படாம வளத்ததுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

9-2
பொய்ச்சான்று என்று ஒப்புக்கொண்டால் போலீஸ் வருமா? பென்ஷன்? அடுத்த வாரம் போகலாம்.

16-2
மூன்றாவது முடி. போகவில்லை.

2-3
ஐந்து. நேற்று கடைக்குப் போய், நூல் எந்த மில் என்று கேட்டேன். ஜாபர் உசேன் சிரித்தார்.

"வெளுப்பா இருக்குதான்னுதானுங்க கேட்டு வாங்குனீங்க வாத்தியாரே. இப்ப நூலோட ஜாதகமும் வேணுமா?"

மில் வரை போயிருக்கலாம். மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

14-3
அருணாவைக் கொண்டுவந்து விட்டுப் போய்விட்டார்கள். தலையில் கட்டு. இடப்பக்கம் முடியே இல்லை.

"அசந்துட்டனுங்கய்யா. மிசினு சடையப் புடிச்சு இழுத்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

விபத்து மார்ச் பத்து. துண்டு வாங்கியது ஜனவரி பன்னிரண்டு. இரண்டு முறை சரிபார்த்தேன் — முதல் முடி வந்தபோது அவள் தலை முழுசாக இருந்தது. கடிதம் வந்த அன்றே போயிருந்தால்?

மிஞ்சிய பக்கத்து முடியைப் பெருமாயி பிரித்துவிட்டாள். என் ஸ்கேலை அவளே எடுத்து நீட்டினாள். வைத்து அளந்தேன்.

முப்பத்தொன்று.

17-3
கலெக்டருக்கு எழுதி முடித்தேன். எங்கள் மலையில், அரியூர் நாட்டு ஊர்களில் நான் வயது கூட்டி எழுதிய பிள்ளைகள் பதினொரு பேர். அருணா வந்துவிட்டாள், பத்துப் பேர் இன்னும் மில்லில். பேர், ஊர், உண்மையான பிறந்த தேதி, கீழே என் கையெழுத்து. தபாலில் போடவில்லை; நானே கொண்டுபோகிறேன்.

புறப்படும்போது துண்டை உதறினேன். ஒரு முடி விழுந்தது. சுருட்டை. அருணாவுடையது அல்ல.

அளக்கவில்லை. பஸ் ஹாரன் கேட்கிறது.