மாட்டுக் கன்னடம்

நேற்று சாயங்காலம் மாரண்டஹள்ளி சந்தை ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "நில்லோ!" என்று அதட்டியது. நான் நின்றுவிட்டேன். கையில் கத்தரிக்காய்ப் பை, தலையில் பாதி வழுக்கை, உரக் கம்பெனியில் மேனேஜர் என்று ஊரில் ஒரு பெயர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நடுரோட்டில் அப்படியே நின்றேன். பக்கத்தில் ஒரு மாடும் நின்றது.

வண்டிக்காரன் பதறிப்போனான். "சார், நீங்க போங்க. நான் மாட்டைச் சொன்னனுங்க."

"எனக்கும் அதே பழக்கம்தான்பா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தான். இந்நேரம் சந்தை முழுக்கச் சொல்லியிருப்பான். சொல்லட்டும். என்னைப் பழக்கியவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. பழக்கிய நீயும் போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது.

உனக்கு நினைவிருக்கும். தருமபுரி தனி மாவட்டமாகியிருந்த புதிது. நான் சேலத்தில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வீட்டில் இருந்தேன். பானிபட்டில் எத்தனை சண்டை நடந்தது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஊரில் ஒருவருக்கும் ஆசையில்லை. அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் கடத்தூரில் மாமாவின் ஜவுளிக்கடை. மாமாவும் தயாராகத்தான் இருந்தார். "அனுப்பி வையுங்க மச்சான். பி.ஏ. படிச்ச கையி, துணிய நேராக் கிழிக்கும்ங்க" என்று நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் முடிவெடுத்தேன். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அந்தக் கடையில் மட்டும் துணி கிழிப்பதில்லை.

அப்போதுதான் ஓசூரில் ஓர் உரக் கம்பெனி கிளை திறந்து, கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் பேச ஆள் கேட்டது. பட்டதாரி வேண்டும், கன்னடம் பேசத் தெரியவேண்டும். நான் விண்ணப்பத்தில் 'கன்னடம்: சரளமாகப் பேசுவேன்' என்று எழுதிப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கன்னடம் 'கொத்தில்லா', அதாவது தெரியாது. இன்டர்வியூவுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

ஓடி வந்தது உன்னிடம்தான். வீட்டில் கன்னடம் பேசுகிறவன் நீ. என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, உங்கப்பாவின் மாட்டுவண்டியில் ஏறிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றப் போய்விட்டவன்.

"சரளமாவா? ஏன்டா, பொய்யச் சொன்னது சொன்ன, கொஞ்சம் சின்னதாச் சொல்லக்கூடாதா?" என்றாய். ஆனாலும் வண்டியில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தாய்.

தினமும் காலையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் எனக்குப் பாடம். முதல் நாளே ஒன்று சொன்னாய்: "பெரிய மனுசங்களக் கண்டா 'பன்னி'ன்னு சொல்லோணும்."

உன் வாயில் அந்த முதல் எழுத்து மெத்தென்றுதான் வந்தது. என் காது தமிழ்க் காது. அதில் பன்றிதான் விழுந்தது. அதோடு நீ யார்? பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தால் வலது காதைப் பிடித்துக்கொண்டுதான் வணக்கம் சொல்லவேண்டும், அதுதான் சர்க்கார் முறை என்று என்னை நம்பவைத்தவன். அன்று நான் வாங்கிய அடி இந்தக் காதுக்குத் தெரியும். ஆகவே சிரித்துவைத்தேன். உலகமே அழிந்தாலும் ஆபீசரைப் பார்த்து 'பன்னி' என்று சொல்வதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

மற்றதையெல்லாம் நம்பிக் கற்றேன். பாரோ, ஹோகோ, நில்லோ, ஏளோ, கூத்கோ. வா, போ, நில், எழுந்திரு, உட்கார். நீ சொல்லச் சொல்ல நான் சொன்னேன், மாடுகள் செய்தன. இவ்வளவு பலன் தரும் பாஷையை நான் கண்டதில்லை.

இன்டர்வியூவில் ஆபீசர் பெங்களூர்க்காரர், கனத்த உடம்பு. ஊர் எது என்று கன்னடத்தில் கேட்டார், சொன்னேன். அப்பன் பேரைக் கேட்டார், அதையும் சொன்னேன். அதற்குள் ஜன்னல் வழியே காற்றடித்து மேசைக் காகிதமெல்லாம் பறந்தது. அவர் குனிந்து பொறுக்க எழுந்தார். பெரிய மனுஷர் குனியலாமா? நான் பாய்ந்துபோய் என் முழு மரியாதையையும் திரட்டிக் கத்தினேன்:

"நில்லோ! நீனு கூத்கோ!"

மூலையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது. ஆபீசர் உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். வண்டி ஓட்டுகிற சிநேகிதன் என்றேன்.

"அதுதானே பார்த்தேன். இது எத்து பாஷெ. மாட்டுக்குப் பேசற கன்னடா. மனுசங்க கன்னடா கலித்துக்கொண்டு பன்னி" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வேலை தராவிட்டால் போகிறது, பன்றி என்று திட்டுவதா? குமாஸ்தாதான் வெளியே அழைத்துவந்து சொன்னார்: "திட்டலீங்க தம்பி. 'கத்துக்கிட்டு வாங்க'ன்னு மரியாதையாச் சொல்றாரு."

ஓசூரிலிருந்து பஸ் வந்து சேரும் வரைக்கும் உன்னை எப்படித் திட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நீ சந்தை ஓரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாய். நடந்ததைச் சொன்னேன்.

"சொன்னன்ல? மொத நாளே பன்னின்னு சொன்னன்ல?" என்று நீதான் முதலில் கத்தினாய்.

"நீ சொன்னா நான் எப்படிடா நம்பறது? சரி, மத்ததையெல்லாம் ஏன்டா மாட்டுக்குச் சொல்ற மாதிரியே சொல்லிக்குடுத்த?"

"நான் நாள் பூரா யாருகிட்டடா பேசறன்? இதுங்ககிட்ட, வூட்டுல, உங்கிட்ட. எங்கிட்ட எவன் மரியாத போட்டுப் பேசறான், அது என் வாயில தங்கறதுக்கு?"

சொல்லிவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்று அது என் காதில் சரியாக விழவில்லை. எனக்கு என் வேலைதான் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கத்துக்கிட்டு வான்னா வராதன்னு அர்த்தம்டா. பி.ஏ. படிச்சும் அது தெரியலியா?" என்றார். எனக்குத் தெரிந்தே இருந்தது. உனக்குத்தான் தெரியவில்லை. அல்லது தெரியாத மாதிரி இருந்துகொண்டாய்.

"வாங்கன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அப்பப் போ. கத்துக்கிட்டுப் போ."

அதன்பின் நீயும் நானும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்ட கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "பன்னி, கூத்கொள்ளி" என்று நீ துண்டை உதறி எனக்கு இடம் போடுவாய். "நீவு கூத்கொள்ளி" என்று நான் கும்பிடுவேன். வாய் பழகட்டும் என்று மாட்டிடமும் மரியாதையாகப் பேசிப் பார்த்தேன். "ஹோகி" என்று கெஞ்சினேன். இரண்டும் அசையவில்லை. தக்காளி வெயிலில் வாடியது. "உன் வேலைக்கி என் பொழப்பக் கெடுக்காதடா" என்று நீ ஒரு 'ஹோகோ' போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஓசூர் போனேன். இன்றைக்கு இன்டர்வியூ இல்லை என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த திங்கள் போனேன், ஆபீசர் ஊரில் இல்லை. மாமா கடையில் எனக்கென்று ஒரு கத்தரிக்கோல் வாங்கி வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூன்றாவது திங்களும் போனேன். வாசலிலேயே நின்றேன். ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்கியதும், அவர் ஆபீஸுக்குள் அவரையே வரவேற்றேன்:

"பன்னி சார். ஒளகே பன்னி. கூத்கொள்ளி."

யார் இவன் என்று பார்த்தார். "எத்து பாஷெ!" என்று அடையாளம் கண்டுவிட்டார். எதற்கு வந்தாய் என்றார். "நீங்கதான் சார் கத்துக்கிட்டு வரச் சொன்னீங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது. ஒருத்தரும் திரும்பி வந்ததில்லே."

குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஆர்டர் அடிக்கச் சொன்னார்.

வேலைக்குப் போன முதல் நாள், பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் நீ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஹோகி பன்னி சார்", போய்விட்டு வாருங்கள் சார், என்றாய். உன் குறும்புதான் என்று சிரித்தேன். மறுநாளும் சொன்னாய். அதற்கு மறுநாளும். ஒரு வருஷம் போன பிறகுதான் அது குறும்பு இல்லை என்று உறைத்தது. என் சட்டை வெளுக்க வெளுக்க உன் பேச்சில் மரியாதை ஏறிக்கொண்டே போனது.

"டேய், பழைய மாதிரி பேசுடா" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "பழகிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொள்வாய். உனக்குக் கிடைக்காத மரியாதையை நீயே எனக்குக் கற்றுக்கொடுத்தாய். பிறகு அதைக் கொண்டே என்னைத் தள்ளி வைத்தாய். நானாவது உன்னிடம் ஒரு நாள் நிஜமாக 'பன்னி' சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னதோடு சரி.

அதைச் சொல்லத்தான் உன் கடைசி நாட்களில் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலில் சுருண்டு கிடந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணைத் திறந்து, "பாரோ. கூத்கோ" என்றாய்.

உட்கார்ந்தேன். கொண்டுவந்த மரியாதையை அப்படியே விழுங்கிவிட்டேன். கத்தரிக்கோல் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். உனக்கு இருமல் வந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியும் எனக்கு எழ மனம் வரவில்லை. நீதான் கையை மெல்ல வீசி, வண்டியில் உட்கார்ந்து விரட்டுகிற அதே தோரணையில் விரட்டினாய்.

"ஏளோ. ஹோகோ."

எழுந்தேன். போனேன். பழகின மாடு.

இப்போதும் சில காலைகளில் கட்டிலை விட்டு எழப் பிடிப்பதில்லை. ஆபீஸில் நூறு பேர் எனக்கு மரியாதையாக 'பன்னி சார்' சொல்கிறார்கள், அதற்கெல்லாம் உடம்பு அசைவதில்லை. உன் இரண்டு வார்த்தைகளை எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் என் மனைவி, "மாட்டை எங்க கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுப்பாள்.

நான் எழுந்து வேலைக்குப் போவேன்.